வலைக்கு அந்தப் பக்கம் மலர்

என்னைப் பேட்டி எடுக்கக் கோலாலம்பூரிலிருந்து ஆள் வருகிறது என்று சொன்னதும் எங்கள் தோட்டத்து ஸ்டோரில் கணக்கெழுதுகிற கிராணி முனியாண்டி முதலில் கேட்டது, "எதுக்கு, போலீஸ் கேஸா?" என்றுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் இருந்த கோணி ஊசியால் ஒரு குத்து வைத்திருப்பேன். ஆனால் மனுஷர் எனக்கு அண்ணன் முறை. அதோடு ஸ்டோர்ச் சாவியும் அவரிடம்தான் இருக்கிறது.

"போலீஸ் இல்லண்ணே. கலை. நான் ஆர்ட்டிஸ்டு," என்றேன்.

"ஓ," என்றார். அவ்வளவுதான். உர மூட்டையைப் பார்க்கப் போய்விட்டார்.

என் பெயர் ருக்குமணி. வயது நாற்பத்தாறு. தேயிலைத் தோட்டத்தில் வேலை, ஆனால் கொழுந்து பறிப்பவள் இல்லை. இப்போது எங்கள் மலையில் கொழுந்து வெட்ட மெஷின் வந்துவிட்டது. இரண்டு பேர் செடி நிரையின் இரண்டு பக்கமும் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். வெட்டின கொழுந்து பின்னால் தொங்குகிற நீளமான பையில் போய் விழும். அந்தப் பை செடிமேல் உரசி உரசிக் கிழிந்துகொண்டே இருக்கும். அதைத் தைக்கிறவள் நான். நானும் மலரும்.

மலரைப் பற்றிப் பேசவே கூடாது என்று பேட்டியன்று காலை வரைக்கும் வீம்பாகத்தான் இருந்தேன். பேசாமல் முடியாது போலிருக்கிறது. தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் எனக்கு அடுத்த வீடு. என்னைவிட இரண்டு வயது சின்னவள். பதினாலு வருஷமாக ஒரே கொட்டகையில் பை தைக்கிறோம். துணி காயப் போடுகிற மாதிரி பையைக் கம்பியில் தொங்க விடுவோம். நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். நான் ஊசியைக் குத்தி அனுப்புவேன். அவள் வாங்கி, இழுத்து, பக்கத்திலேயே குத்தித் திருப்பி அனுப்புவாள். ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது. நூல் இழுபடுகிற இழுப்பிலேயே அவள் காலையில் புருஷனோடு சண்டை போட்டாளா, நல்லபடியாகக் கிளம்பி வந்தாளா என்று சொல்லிவிடுவேன்.

இப்படித் தைத்துத் தைத்துத்தான் எங்கள் படம் போட்ட படுதா வந்தது. பக்கத்து ஊரான திரிங்காப்பின் பூத்தோட்டங்களில் நைந்துபோன கறுப்பு நிழல் வலையைத் தூக்கிப் போடுவார்கள். அதை வாங்கி வந்து கொட்டகையில் குறுக்கே கட்டி, உரச் சாக்கின் வாயைத் தைத்த நூல், பூக்கட்டு கட்டுகிற ராஃபியா கயிறு, கிழிந்த பையின் ஓரம், எது கிடைக்கிறதோ அதை வைத்து விளையாட்டாகத் தைக்க ஆரம்பித்தோம். வேலை முடிந்து நாலு மணிக்கு மேல். இரண்டு பக்கமும் ஆள் நின்று தைப்பதால் எங்கள் படுதாவுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் நல்ல பக்கம்தான்.

போன வருஷம் ஈப்போவிலிருந்து கண்காட்சி நடத்துகிற ஒருவர் வழி தவறிக் கொட்டகைப் பக்கம் வந்தார். கம்பியில் தொங்கிய படுதாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அது லேசுப்பட்ட படுதா இல்லை. லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வந்ததே, 2013இல், அப்போது மலரின் அண்ணன் தோட்டத்தில் சேற்றோடு போன வலை. மலர் தன் கையால் தோண்டி எடுத்தது. மூன்று நாள் அலசி, சுருட்டி, வருஷக்கணக்காகக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். ஒருநாள் அவளாகவே கொண்டுவந்து, "இதுல தைப்போம்க்கா," என்றாள். தேயிலைத் தூளில் நூலைக் காய்ச்சிச் சேற்று நிறம் ஏற்றினோம். நாலு மாசம் தைத்தோம்.

அந்த ஈப்போக்காரர் ஒரு ஃபாரத்தை நீட்டி, செய்தவர் பெயரை எழுதச் சொன்னார். காடி எஞ்சினைக்கூட அவர் நிறுத்தவில்லை. காரை நாங்கள் காடி என்போம். நான் காடியின் மூக்கில் காகிதத்தை வைத்து என் பெயரை எழுதிக்கொண்டே, "மலர், உன் பேரும் போடவா?" என்றேன்.

"எனக்கு எதுக்குக்கா? வேணாம் லா," என்றாள்.

போடவில்லை. வேணாம் என்றாள், போடவில்லை. இதில் என் தப்பு என்ன இருக்கிறது?

கண்காட்சிக்கு இரண்டு பேரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வேன் பிடித்துப் போனோம். படுதாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை. அதில் ஒரே ஒரு பெயர். மலர் அந்த அட்டைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். திரும்பி வரும்போது என் பக்கத்தில் உட்காராமல் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றோடு பேச்சு நின்றது. பதினோரு மாசம்.

பை தைப்பது தோட்டத்து வேலை, அதை நிறுத்த முடியாது. அதனால் பைக்கு இரண்டு பக்கமும் நின்று வாயைத் திறக்காமல் தைத்தோம். பேச வேண்டி வந்தால் முனியாண்டி அண்ணன்.

"அண்ணே, நூல் தீந்துபோச்சுன்னு சொல்லுங்க."

"கிராணி, அது அவங்க காலடியிலதான் கெடக்குன்னு சொல்லுங்க."

"நான் கிராணியா, தபால்காரனா?" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

நாலு மணிக்கு மேல் மட்டும் அவள் வரமாட்டாள். புதுப் படுதா பாதியில் நின்றது. சனிக்கிழமை ஆனால் எங்கள் மலைப்பாதையில் டூரிஸ்டுக் காடிகள் நகராமல் நிற்குமே, அந்த ஜாம்தான் படுதா. கறுப்பு வலை மலை, சிவப்பு ராஃபியா காடிகளின் பின்விளக்கு. பன்னிரண்டு அடி அகலம். ஒருத்தியாகத் தைக்க முடியாது. ஊசியைக் குத்திவிட்டு, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடி, இழுத்து, மறுபடியும் குத்தி, மறுபடியும் இந்தப் பக்கம் ஓட வேண்டும். இரண்டு ஜோடி சிலிப்பர் தேய்ந்தது. காடிகள் பதினோரு மாசமாக ஒரே வளைவில் நிற்கின்றன. மலர் அந்தப் பக்கம் வந்து நின்றால் போதும் என்று தினமும் நினைப்பேன். ஆனால் நான் போய்க் கேட்பதா? அவள்தானே வேணாம் என்றாள்?

பேட்டி எடுக்க வந்த பெண்ணுக்குப் பூவிழி என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. நூல், கயிறு, வலை இவற்றை வைத்துக் கலை செய்கிறவர்களாக நாடு முழுக்கப் பன்னிரண்டு பேரின் குரலைப் பதிவு செய்கிறார்களாம். ஏழு பேர் முடிந்துவிட்டதாம், நான் எட்டாவது.

"ஒரு தே குடிம்மா," என்றேன்.

"வேணாம் ஆண்ட்டி, இப்பத்தான் குடிச்சேன்."

"வழியெல்லாம் ஜாம், எங்கேருந்து இப்பக் குடிச்ச? குடிம்மா."

"பரவால்ல ஆண்ட்டி."

"அட, குடின்னா!" என்று தேநீரை ஊற்றிக் கையில் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்தாள். எங்கள் லைனில் இதுதான் வழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் பசியாறச் சொல்வார்கள். முதல் தடவை வேணாம் என்போம். இரண்டாவது தடவை, இப்பத்தான் ஆச்சு என்போம். மூன்றாவது தடவை உட்கார்ந்துவிடுவோம். வயிறு காய்ந்து வந்தவனும் இப்படித்தான். கேட்டதும் உட்கார்ந்தால் அலைகிறான் என்பார்கள். ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டால், கொடுக்க மனசில்லாமல் கேட்டாள் என்பார்கள்.

மலர் வெளியே கொட்டகை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு சாக்கு நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என்று அவளுக்கு வாசலில்தான் வேலை வந்தது. முனியாண்டி அண்ணனுக்கும் கதவோரம் திடீரென்று ஏதோ வேலை வந்துவிட்டது.

பூவிழி மேஜையில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தாள். மேலே பூனை வால் மாதிரி புசுபுசுவென்று மைக். சிவப்பு விளக்கு எரிந்தது. "இது லைப்ரரில எப்பவும் இருக்கும் ஆண்ட்டி. அம்பது வருஷம் கழிச்சும் ஒருத்தர் எடுத்துக் கேக்கலாம். உங்க பேரச் சொல்லி ஆரம்பிங்க," என்றாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம் நேயர்களே," என்று ஆரம்பித்தேன். முனியாண்டி அண்ணன் கதவுக்குப் பின்னால் விழுந்து விழுந்து சிரித்தது பதிவில் நிச்சயம் இருக்கும்.

அப்புறம் ஒரு வழியாகப் பேச்சு வந்தது. பை கிழிவது, கம்பியில் போடுவது, சாக்கு நூலை ஒரே இழுப்பில் உருவுவது, எல்லாம் சொன்னேன். சேற்று வலை பற்றிக் கேட்டாள். "பெர்த்தாமிலேருந்து வந்துச்சு," என்றேன். யார் கொண்டுவந்தது என்று சொல்லவில்லை. வாசலில் நூல் பிரிக்கிற சத்தம் நின்றது.

"தைக்கிற சத்தம் வேணும் ஆண்ட்டி. தைச்சுக்கிட்டே பேசுங்களேன்," என்றாள் பூவிழி.

குத்தினேன். ஓடினேன். இழுத்தேன். குத்தினேன். மறுபடி ஓடி வந்தேன். ஆறு தையலில் நாய் மாதிரி மூச்சு இரைத்தது.

பூவிழி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். "ஆண்ட்டி, மூச்சு வாங்குற சத்தம் மட்டும்தான் கேக்குது. எப்பவும் இப்படி ஓடி ஓடித்தான் தைப்பீங்களா?"

"முன்னெல்லாம் எங்க ஓடுச்சு? அந்தப் பக்கம் நிக்கிற ஆளு அதோ வாசல்ல உக்காந்திருக்கு," என்றார் முனியாண்டி அண்ணன். பாவி மனுஷன்.

"ரெண்டு பேர் செஞ்சதா? கண்காட்சில ஒரு பேருதானே இருந்துச்சு?"

"அவதான் வேணாம்னா," என்றேன். பதினோரு மாசமாகச் சொல்லிச் சொல்லி வாயில் தயாராக இருந்த வார்த்தை.

பூவிழி எழுந்து வாசலுக்குப் போனாள். கையில் ஒரு ஃபாரம். "ஆண்ட்டி, உங்களையும் பதிவு பண்ணலாமா? உங்க பேரும் சேத்துக்கிறேன்."

மலர் திரும்பி நிமிர்ந்தாள். "எனக்கு எதுக்கும்மா? வேணாம் லா."

"ஓகே ஆண்ட்டி," என்று பூவிழி சிரித்துவிட்டு, ஃபாரத்தைப் பார்த்துக் குனிந்து, விருப்பமில்லை என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.

அவள் குனிந்திருந்தாள். நான் குனிந்திருக்கவில்லை. அதனால் மலரின் முகத்தைப் பார்த்தேன். பதில் சொல்லிவிட்டும் அவள் முகம் நிமிர்ந்தபடியே காத்திருந்தது. அடுத்த தடவை கேட்பார்கள் என்று கண் விரிந்து நின்றது. கேட்கவில்லை என்று தெரிந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு மெதுவாக நூலுக்குக் குனிந்தாள். அன்றைக்கு, காடி பக்கத்தில், நான் ஃபாரத்தில் எழுதிக்கொண்டிருந்தபோதும் அவள் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

"என்னம்மா நீ! ஒரு தடவ கேட்டுட்டு வந்துட்டா ஆச்சா? படிச்ச பொண்ணுதானே? ஒரு பேரு என்ன, கடலையா? வேணுமா வேணாமான்னு நடந்துக்கிட்டே கேக்கறதுக்கு! பெர்த்தாம் சேத்துல கைய விட்டுத் தோண்டுனவ அவ. நூலுக்குச் சாயம் காய்ச்சுனவ அவ. அவகிட்ட இப்படியா கேப்பாங்க?"

பூவிழி மிரண்டு போனாள். "அவங்கதான் வேணாம்னாங்களே, ஆண்ட்டி?"

என் வார்த்தை. அப்படியே என் வார்த்தை, அச்சுப் பிசகாமல், அந்தச் சின்னப் பெண் வாயிலிருந்து வந்து என் கன்னத்தில் அறைந்தது. முனியாண்டி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அப்புறம் வாசலுக்குப் போனேன். "மலர், நான் கேக்கறேன். உன் பேரப் போடணும். உள்ள வந்து பேசு," என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "கிராணி, வேணாம்னு சொல்லிடுங்க."

அவர் வாயைத் திறந்தார். "நீங்க வாய மூடுங்கண்ணே," என்றேன்.

"மூடிட்டேன்," என்றார்.

நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். முட்டி வலித்தது. "இங்க பாரு. அன்னிக்கு ஒரு தடவ கேட்டேன். ஒரு தடவ கேட்டா நீ வேணாம்னுதான் சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா? பதினாலு வருஷமா உன் வீட்ல பசியாறுறேன், எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் ரெண்டாந்தடவ கேக்கல. அந்த அட்டையில என் பேரு மட்டும் இருந்தா எப்படி இருக்கும்னு எனக்கு ஒரு ஆச வந்துச்சு மலர். அற்ப ஆச. அதத்தான் செஞ்சேன். செஞ்சுட்டு உன்மேல பழியப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். மூணாவது தடவையா கேக்கறேன். வா."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமே சொன்னதில்லை. சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன், பூவிழி அந்தப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "ஆண்ட்டி, இத அழிச்சிடவா?" என்று பயந்து பயந்து கேட்டாள்.

"இருக்கட்டும். அம்பது வருஷம் இருக்கட்டும்," என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மலர் நூலைக் கீழே வைத்தாள். "இதச் சொல்ல ஒங்களுக்குப் பதினோரு மாசமா?" என்றாள். நேராக என்னிடம். முனியாண்டி அண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். இனி அவருக்குத் தபால் வேலை இல்லை.

அவள் குழாயில் கை கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். என்னைத் தாண்டி, படுதாவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். வலைக்கு அப்பால் அவள் உருவம் நிழலாகத் தெரிந்தது.

"ஐயே, காடியெல்லாம் இன்னும் இந்த வளைவுலயேவா நிக்குது?" என்றாள்.

"நீ வராம எப்படி நகரும்?"

"ஊசியக் குடுங்க."

குத்தி அனுப்பினேன். இழுத்தாள். கொஞ்சம் முரட்டு இழுப்பு. கோபம் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தது. இருக்கட்டும், எனக்கு அந்த இழுப்பே போதும் என்று இருந்தது. பூவிழி மைக்கை வலைக்குக் கிட்டே பிடித்தாள். நூல் வலையில் உரசிப் போகிற சர் சர் என்ற சத்தம் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும், முகம் மலர்ந்துவிட்டது. பத்துத் தையலில் ஒரு காடி வளைவைத் தாண்டியது.

மலர் பேசினாள். எவ்வளவு பேசினாள்! சேற்றில் கால் வைத்தபோது சிலிப்பர் உள்ளே போய் வரவே இல்லை என்பது, வலையை அலசின தண்ணீரைப் பார்த்து அண்ணன் அழுதது, என் தையல் எப்போதும் இடது பக்கம் சாயும், அதை இவள் அந்தப் பக்கத்திலிருந்து நிமிர்த்தி நிமிர்த்தியே கை வலி கண்டது, எல்லாம். கடைசியாகச் சொன்னது பொய். ஆனால் நான் குறுக்கே பேசவில்லை.

பூவிழி புது ஃபாரம் ஒன்றை எடுத்தாள். "இந்தப் படுதாவுக்கு முதல் பேரு மலர் ஆண்ட்டி. எழுதிட்டேன். அடுத்து ருக்குமணி ஆண்ட்டி, உங்க பேரு எழுதவா?"

கையில் நூல் முடிச்சு. நான் யோசிக்கவே இல்லை. நாக்கு பழக்கத்தில் தானாகச் சொன்னது: "எனக்கு எதுக்கும்மா? வேணாம் லா."

வலைக்கு அந்தப் பக்கம் இழுப்பு நின்றது.

"கேட்டியாம்மா? வேணாமாம். கோடு போட்டுக்கோ," என்றாள் மலர்.

பூவிழி பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள், வலையைப் பார்த்தாள். முனியாண்டி அண்ணன் கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டார். கேட்பார்களா, கேட்காமல் போய்விடுவார்களா என்று நிற்பது இவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் கூட இருக்காது. அவள் பதினோரு மாசம் நின்றாள்.

அப்புறம் ஊசி முனை வலையைத் துளைத்துக்கொண்டு என் பக்கம் எட்டிப் பார்த்தது.

"ஏன்க்கா, நெசமாவே வேணாமா?" என்றாள் மலர்.

அது இரண்டாவது தடவை. "இப்ப என்ன அவசரம் லா," என்று சொல்லிவிட்டு, ஊசியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மூன்றாவதுக்குக் காத்திருந்தேன்.